பிடிமண் கொடுத்த ஊர்

அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்பு என்று ஊர் முடிவு செய்துவிட்டால் முதல் வேலை, ஒரு பிடி மண். ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் கூடி, வெற்றிலை பாக்கோடு அந்த மண்ணை மண்பாண்டம் செய்யும் வேளார் கையில் கொடுப்பார்கள். ‘பிடிமண் கொடுத்தல்’ என்று அதற்குப் பெயர். வேளாருக்கு அதுதான் ஒப்பந்தப் பத்திரம். அந்த ஒரு பிடி, களிமண்ணோடு கலந்து, மிதிபட்டு, சூளையில் வெந்து, சில வாரங்களில் குதிரையாக எழுந்து நிற்கும். செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. விழா நாளில் குதிரைக்குக் கண் திறந்து, தோளில் தூக்கி, வேட்டும் கொட்டுமாக அய்யனார் கோயிலில் கொண்டுபோய் இறக்குவார்கள். அதற்கப்புறம் அந்தக் குதிரையை யாரும் பராமரிப்பதில்லை. மழையும் வெயிலும் தின்னும். முதலில் காது போகும், பிறகு கால். கடைசியில் மண்ணோடு மண்ணாகும். அடுத்த எடுப்புக்கு மறுபடியும் ஒரு பிடி மண்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் இந்தக் குதிரைகள் கண்ணில் படும். முந்திரிக் காட்டுக்குள், கண்மாய்க் கரையில், தைல மரங்களுக்கு நடுவே, வரிசையாக நிற்கும். கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு 33 அடி உயரக் குதிரை நிற்கிறது. அது சுதைக் குதிரை. மாசி மகத்தன்று அதன் கழுத்தில் விழும் காகிதப்பூ மாலைகளில் குதிரையே மறைந்துபோகும்.

கலையைக் காக்க இந்த ஊர்கள் கண்ட வழி இதுதான். செய்த பொருளை இவர்கள் பூட்டி வைக்கவில்லை. செய்கிற கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். குதிரை கரைவது நல்லது. கரைந்தால்தான் ஊர் மறுபடி கூடும், வேளார் வீட்டுச் சூளை மறுபடி எரியும்.

ஆனால், இதே மாவட்டத்தில் இன்னொரு சொத்தும் இருக்கிறது. அது கல். பாறையில் வெட்டிய எழுத்து, குடைவரை, நடுகல், ஏரிக்குள் மதகாக நிற்கும் குமிழித் தூண். கல்லுக்கு மறு பிடிமண் கிடையாது. ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். மண்ணைத் திரும்பத் திரும்பச் செய்து காக்க வேண்டும். கல்லைத் தொடாமல் விட்டுக் காக்க வேண்டும். முதல் வேலையை ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றன. இரண்டாவது வேலையை யார் செய்கிறார்கள்?

கல்லில் ஏறிய தீர்மானம்

சித்தன்னவாசல் என்றதும் எல்லோருக்கும் தாமரைக் குளத்து ஓவியம் நினைவுக்கு வரும். அந்தக் குன்றின் மேலே ஏழடிப்பாட்டம் என்ற குகை இருக்கிறது. சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளில் ஒன்றில், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த ‘இளையர்’ இந்த இருக்கையைச் செய்து கொடுத்ததாக அது சொல்கிறது. இளையர் என்பதை ஓர் ஆளின் பெயராகவும் கொள்ளலாம், ஊர் இளைஞர்கள் என்றும் கொள்ளலாம். இரண்டாவதாகக் கொண்டால், ஊர்ப் பையன்கள் சேர்ந்து செய்த பொதுக்காரியம் ஒன்றுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சிகளில் இது ஒன்று.

அதற்குப் பிந்தைய ஆயிரம் ஆண்டுகளில் ஊரார், நாட்டார், நகரத்தார், சபையார் என்று கூடிய கூட்டங்கள் எல்லாம் தங்கள் முடிவுகளைக் கல்லில் ஏற்றின. நார்த்தாமலை என்ற பெயரே வணிக நகரத்தார் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அங்கே சாத்தன் பூதி கட்டிய கோயில் மழையில் சிதைந்தபோது மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார். யார் கட்டியது, எதனால் சேதமானது, யார் சரிசெய்தது என்று மூன்றும் அங்கே கல்லில் இருக்கின்றன. இன்றைய திருப்பணிக் கல்வெட்டுகளில் பல, உபயதாரர் பெயரோடு நின்றுவிடுகின்றன. எதைச் சரிசெய்தோம் என்று எழுதும் பழக்கம் அன்று இருந்திருக்கிறது.

திருமயம் இன்னும் சுவாரசியம். ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரை. கோயில் சொத்து யாருக்கு எவ்வளவு என்று இரு தரப்புக்கும் நெடுநாள் வழக்கு. 1245-ல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் சுற்றுவட்டார நாட்டாரும் மற்றவர்களும் கூடிப் பேசித் தீர்த்தார்கள். பங்கு பிரித்து, எல்லை குறித்து, முடிவைக் கல்லில் வெட்டினார்கள்.

கலைக்கும் ஊர்க் கூட்டங்கள் கை நீட்டின. திருவேங்கைவாசல் கோயிலில் சாந்திக்கூத்து ஆட நியமிக்கப்பட்ட ஒருத்தியின் பட்டம் ‘ஏழுநாட்டு நங்கை’. ஒரு கோயிலில் ஆடியவளுக்கு ஏழு நாட்டின் பெயர்! குடுமியான்மலையிலோ இசைக்கே ஒரு பாறை. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்தில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கான சுரக்கோவைகள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியரின் மாணவரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதன் முடிவில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு பாட நோட்டைப் பாறையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே வகை எழுத்து திருமயத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. பிற்காலத்தில் அந்தச் சுவரில் வேறு கல்வெட்டு வெட்ட வேண்டியிருந்தது. பழைய இசை எழுத்தைத் தேய்த்துவிட்டார்கள். ஊர் கூடினால் வரலாறு பிழைக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தனக்கு அன்றைக்குத் தேவையில்லாததை அழிக்கிற கையும் அதே ஊரின் கைதான்.

விடிய விடிய வள்ளி

பங்குனி பிறந்தால் புதுக்கோட்டை ஊர்களில் நோட்டீஸ் ஒட்டத் தொடங்கும். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘அரிச்சந்திர மயான காண்டம்’. ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், டான்ஸ் யார், பின்பாட்டு யார் என்று வண்ண நோட்டீஸில் படத்தோடு இருக்கும். திருவிழாக் கமிட்டி ஆட்கள் புதுக்கோட்டை நாடக நடிகர் சங்கப் பக்கம் போய், ஏஜென்ட்டிடம் பேசி, ஒவ்வொரு வேடத்துக்கும் ஆளைத் தனித்தனியாகப் பிடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார்கள். இதற்குத்தான் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். நிரந்தரக் குழு இல்லை, ஒத்திகை இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் வள்ளியும் முருகனும் அன்றைக்கு முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வார்கள். தர்க்கம் என்று வந்துவிட்டால், விடியும் வரை ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள்.

இந்த ஏற்பாடு ஓடுவதற்குக் காரணம், பாடம் எல்லோருக்கும் பொது. அதை எழுதிக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவருக்குப் புதுக்கோட்டையோடு நேரடி உறவு உண்டு. இங்கேதான் மான்பூண்டியா பிள்ளையிடம் லயம் கற்றார். அந்த மான்பூண்டியா பிள்ளைதான் உடும்புத்தோல் போர்த்திய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை வழியாகப் புதுக்கோட்டைப் பாணி என்ற பெயர் மிருதங்க உலகத்தில் நிலைத்தது. சபாவில் சால்வை போர்த்தி உட்கார்ந்த தாளமும், பொட்டலில் பாயை விரித்து விடிய விடியக் கேட்ட தாளமும் ஒரே திண்ணையில் பிறந்தவை.

நாடகத்துக்கு யார் பணம் கொடுப்பது? அரசு மானியம் இல்லை, கார்ப்பரேட் விளம்பரம் இல்லை. பெரும்பாலும் அதே தலைக்கட்டு வரியும் மண்டகப்படிக்காரர்களும்தான். ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விழாக் கமிட்டி நோட்டில் எழுதி, வெளியூர் போனவர்களுக்குப் போன் போட்டு, சிங்கப்பூரில் இருப்பவரிடமும் வாங்கிவிடுவார்கள். நூற்றாண்டு கடந்தும் இந்த நாடக மரபு பிழைத்திருப்பதற்கு அந்த நாற்பது பக்க நோட்டு ஒரு முக்கியக் காரணம்.

சமீப ஆண்டுகளில் ‘ஆடல் பாடல்’ வந்து வள்ளியின் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது. அதற்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை ஊர்கள் போகின்றன. கொரோனாவில் 2020, 2021 இரண்டு சீசனும் போனது. சீசன் என்பது மூன்று நான்கு மாதம். அதில் வரும் வருமானத்தில்தான் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை பலரிடம் இருக்கிறது. அட்டை மருத்துவத்துக்கும் முதுமைக்கும் கொஞ்சம் உதவும். கலையைக் காப்பது அட்வான்ஸ் கொடுக்கிற ஊர்தான்.

ஊர் என்றால் யார்?

இந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்காவிட்டால் கட்டுரை வெறும் பெருமைப் பேச்சாகிவிடும். வரி நோட்டில் யார் பெயர் இருக்கிறது?

தமிழகக் கிராமங்களில் ஒதுக்கிவைப்பதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் சத்தமில்லாதது, வரி வாங்க மறுப்பது. பணம் தருகிறோம் என்று நீட்டினாலும், ‘உங்கக்கிட்ட வாங்குற வழக்கமில்ல’ என்பார்கள். வரி வாங்கினால் விழாவில் மரியாதை கொடுக்க வேண்டும், தேர் வடத்தில் கை வைக்க விட வேண்டும், அடுத்த கூட்டத்தில் பேச விட வேண்டும். தலைக்கட்டு வரி என்பது பணம் மட்டுமல்ல. ஊர்க்காரர் என்பதற்கான அத்தாட்சி.

2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. ஏழுநாட்டு நங்கைக்குக் கல்வெட்டு வைத்த திருவேங்கைவாசலையும் இந்த வேங்கைவயலையும் ஒரே மாவட்ட வரைபடத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டையின் வரலாற்றை எழுதுகிறவர் முதல் ஊரின் பெயரை எழுதிவிட்டு இரண்டாவதைத் தாண்டிப் போக முடியாது.

கலையிலும் இதே சிக்கல் உண்டு. விராலிமலை முருகன் கோயிலில் தேவதாசியாகப் பொட்டுக் கட்டப்பட்டு, மலைப்படி ஏறிச் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மரபில் அங்கே எஞ்சிய கடைசிக் கண்ணி அவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்ததும் இதே புதுக்கோட்டையில்தான். அவருடைய தாய் வந்ததும் இசை வேளாளர் குடும்பத்திலிருந்து. 1947-ல் அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. பெண்களுக்கு விடுதலை, ஆட்டத்துக்கு அஸ்தமனம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து யாரும் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. கோயிலும் ஊரும் மானியம் கொடுத்து ஆதரித்த கலைஞருக்கு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அன்று இல்லை. இனி ஊர் கலையை ஆதரிப்பதென்றால் அந்த உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ராஜா செய்தது, வீடு செய்தது

கல்லைக் காக்கும் வேலையை இந்த மண்ணில் முதலில் முறையாகச் செய்தது ராஜாங்கம். 1,179 சதுர மைல் மட்டுமே பரப்புள்ள தொண்டைமான் சமஸ்தானம் 1910-லேயே அருங்காட்சியகம் திறந்தது. 1929-ல் சமஸ்தானத்தின் கல்வெட்டுகளைத் திரட்டி, அரச மரபு வாரியாக ஒரே தொகுதியாக அச்சிட்டது, எண்ணிக்கை 1,130. கே.ஆர்.வெங்கடராம அய்யர் எழுதிய சமஸ்தான மேனுவல் இன்றும் ஆய்வாளர் மேசையில் கிடக்கிறது. பெரிய பிரிட்டிஷ் மாவட்டங்களுக்கே வாய்க்காத ஆவணம் இது. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமாக வெளியே வந்தது. இடைப்பட்ட காலத்தில் ராஜாங்கத்தின் அக்கறையும் கலைந்துவிட்டது.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் தனிமனிதர்கள். பள்ளி ஆசிரியர் பா.கிருஷ்ணமூர்த்தியும் பேராசிரியர் டோரதியும் தங்கள் சம்பளத்தில் புத்தகம் வாங்கிச் சேர்த்து உருவாக்கிய ‘ஞானாலயா’ நூலகத்தில் இருப்பவை ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் பழைய முதல் பதிப்புகளும் இதழ்களும் ஏராளம். எத்தனையோ முனைவர் பட்டங்கள் திருக்கோகர்ணத்தில் உள்ள அந்த வீட்டிலிருந்து பிறந்திருக்கின்றன. இன்னொரு பக்கம், புதுக்கோட்டைத் தொல்லியல் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் விடுமுறை நாளில் பைக் எடுத்துக்கொண்டு கண்மாய் கண்மாயாகப் போய்க் குமிழிக் கல்வெட்டுகளையும் நடுகற்களையும் படியெடுத்தார்கள். பொற்பனைக்கோட்டையின் மண் கோட்டையை அகழ வேண்டும் என்று உள்ளூர் ஆர்வலர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கே முதல் குழி வெட்டியது. 2023-ல் மாநிலத் தொல்லியல் துறை இறங்கியது. தங்க மூக்குத்தி ஒன்றும் கார்னீலியன் மணியும் எலும்பு முனைக் கருவியும் அங்கே மண்ணுக்குள்ளிருந்து வந்தன.

இவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் ஒரு நூலகம் ஒரு தம்பதியின் ஆயுளையும், ஒரு மாவட்டத்தின் கற்கள் சில ஆசிரியர்களின் ஞாயிற்றுக்கிழமைகளையும் நம்பியிருப்பது நியாயமா? ஆய்வாளர் வந்து படம் எடுத்துவிட்டுப் போன மறுமாதம் அந்தக் கல் கரை பலப்படுத்தும் வேலையில் ஜேசிபி வாயில் போகலாம். வரப்புக்கு அண்டை கொடுக்கப்படலாம். கல் குவாரி இந்த மாவட்டத்தில் பெரும் தொழில். அதை எதிர்ப்பதும் சும்மா இல்லை. சட்டவிரோதக் குவாரிகள் மீது புகார் கொடுத்துவந்த ஒருவர் திருமயம் பகுதியில் 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். தனியாளாக நின்று கல்லைக் காப்பதற்கு உள்ள விலை அது. கூட்டமாக நிற்க வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள்.

இருபத்தொன்றாவது இனம்

கூட்டமாக நிற்க ஓர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தத்தோடு அரசமைப்பில் பதினோராவது அட்டவணை சேர்ந்தது. ஊராட்சிகளுக்குத் தரத்தக்க 29 பொருள்கள் அதில் உண்டு. குடிநீர், சாலை, தெருவிளக்கு எல்லோருக்கும் தெரியும். இருபதாவது, நூலகங்கள். இருபத்தொன்றாவது, பண்பாட்டு நடவடிக்கைகள். புதுக்கோட்டை மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் ஊருக்கு ஊர் கட்டிய நூலகக் கட்டடங்கள் இருபதாவது இனத்தின் அடையாளமாக நிற்கின்றன. பல ஊர்களில் பூட்டோடு. இருபத்தொன்றாவது இனத்துக்கு அந்த அளவுக்குக்கூட அடையாளம் கிடையாது.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் வந்து உட்காரலாம், கேட்கலாம். வரி நோட்டைப் போல இங்கே யாரும் ‘உங்கக்கிட்ட வழக்கமில்ல’ என்று சொல்ல முடியாது. நாட்டாரும் அம்பலமும் கூட்டிய பழைய சபைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அதனால்தான் ஊர் வரலாற்றை விழாக் கமிட்டியோடு விட்டுவிடாமல் கிராம சபைக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறோம். கமிட்டி எழுதினால் ஊரின் ஒரு பாதி கதைதான் வரும்.

பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் வளர்ச்சி அறிக்கையை எழுதியது. அதில் ஊர் வரலாற்றுக்கும் ஓர் அத்தியாயம் வைத்தார்கள். உள்ளூர் ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். நமக்கும் அது புதிதல்ல. 1991-ல் அறிவொளி இயக்கம் இதே புதுக்கோட்டையில் பாட்டும் வீதி நாடகமுமாக ஊர் ஊராகப் போனது; ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தொண்டர்கள் இன்று பணி ஓய்வில் இருக்கிறார்கள்.

ஒரு கிராம சபையில் இப்படி ஒரு பொருளை வைக்கலாம்: நம் ஊராட்சி எல்லைக்குள் உள்ள கல்வெட்டு, நடுகல், குமிழி, தாழிமேடு, பழைய மடம் ஆகியவற்றின் பட்டியல். சர்வே எண், ஒரு படம், கல் நிற்கும் இடத்துக்கு வழி. குடிமராமத்தோ ஊரக வேலைத் திட்டமோ குவாரிக் குத்தகையோ வரும்போது முதலில் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. உழும்போது பானையோ காசோ கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இது தெரியாமல், சிக்கலில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் பலர் கிடைத்ததை மறுபடி புதைக்கிறார்கள், அல்லது பாத்திரக்காரருக்குப் போடுகிறார்கள்.

கலைக்கும் ஒரு வரி சேர்க்கலாம். ஊரில் உள்ள பறை, கும்மி, சிலம்பம், நாடகம் தெரிந்தவர்கள் யார் யார்; வேளார் வீட்டில் சூளை எரிகிறதா; கண்மாயில் களிமண் எடுக்க அவர்களுக்கு அனுமதி கிடைக்கிறதா. மண்பாண்டத் தொழிலாளர் முதலில் கேட்பது விருதை அல்ல, மண்ணை. நீர்நிலையில் மண் எடுக்க அவர்கள் அலுவலகப் படியேறுவது ஆண்டுதோறும் நடப்பது. ஊராட்சித் தீர்மானம் கையில் இருந்தால் அந்த நடை கொஞ்சம் குறையும்.

தடைகள் இல்லாமல் இல்லை. 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கிராம சபையில் வாசிக்கும் பொருள்கள் மேலிருந்து சுற்றறிக்கையாக வந்துவிடுகின்றன. கையெழுத்தை வாங்கிக்கொண்டு அரை மணியில் முடித்துவிடும் ஊர்கள் உண்டு. ஆனால் ‘இதர பொருள்கள்’ என்று கடைசியில் ஓர் இடம் எப்போதும் இருக்கிறது. எழுந்து நின்று ஒருவர் சொன்னால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

திருமயத்துப் பாறையில் ஏறியதும் ஒரு கூட்டத்தின் முடிவுதான். அன்று உளி இருந்தது, இன்று பச்சை அட்டை போட்ட தீர்மானப் புத்தகம் இருக்கிறது. அய்யனார் கோயில் குதிரை இந்த மழைக்கும் கொஞ்சம் கரையும். அது கரையட்டும், ஊர் அடுத்த பிடிமண்ணைக் கொடுத்துக்கொள்ளும். கண்மாய்க்குள் கிடக்கிற குமிழிக் கல்லுக்குத்தான் அவசரம். அடுத்த கிராம சபைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கலாம், ஜேசிபி நாளைக்கே வரலாம்.